பொம்மை வீரனின் உயரம்

நுழையும்முன்

வீட்டின் வரைபடம், நாட்டின் நிலப்படம், அருங்காட்சியகத்தில் காணும் கப்பலின் சிற்றுரு எனப் பெரியவற்றைச் சுருக்கிக் காட்டும் பொருள்கள் நம்மைச் சூழ்ந்துள்ளன. சுருக்கும்போது ஒரு விகிதம் பிறக்கிறது. அந்த விகிதத்தை யார் முடிவு செய்கிறார்? அதனை மறந்தால் நாம் எதனை இழக்கிறோம்? ஈய வீரன் ஒருவனும் நெகிழி டாங்கி ஒன்றும் தமக்குக் கற்பித்ததைக் கணித ஆசிரியர் ஒருவர் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறார்.

இரண்டு பொம்மைகள்

எனக்குப் பத்து அகவை நிரம்பிய 1974-ஆம் ஆண்டில் இரண்டு பொம்மைகள் எங்கள் வீட்டிற்கு வந்தன. சரக்குக் கப்பலில் பணியாற்றிய என் மாமா, இலண்டனில் பழம்பொருள் விற்கும் கடையொன்றில் அவற்றை வாங்கி வந்திருந்தார். ஒன்று, ஈயத்தில் வார்த்த போர்வீரன். சிவப்பு மேலாடை, கறுப்புக் கால்சட்டை, தோளில் சாய்த்த துப்பாக்கி. மற்றொன்று, நெகிழிப் பாகங்களை ஒட்டிச் செய்த டாங்கி. முகமறியாத ஒரு சிறுவன் முன்பே அதனை ஒட்டிப் பச்சை வண்ணம் பூசி விளையாடியிருந்தான். அவனுடைய விரல்ரேகை ஒன்று பசையோடு உறைந்து டாங்கியின் மேற்பரப்பில் பதிந்திருந்தது.

வேலூருக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் படைக்கு ஆள் அனுப்பாத தெரு இல்லை. ஆதலால் போர் விளையாட்டு எங்களுக்குப் புதிதன்று. திண்ணையில் டாங்கியை வைத்து, அதன் பக்கத்தில் வீரனைக் காவலுக்கு நிறுத்தினேன். டாங்கியின் உச்சி வீரனின் மார்பளவுதான் இருந்தது. அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. வீரன் பெரியவன், ஆகவே வலியவன் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்த தாத்தா என் விளையாட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப்போரின்போது பர்மாவில், படை ஊர்திகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர் அவர். டாங்கியைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். “ஷெர்மன்” என்றார். பழைய நண்பரின் பெயரைச் சொல்வதுபோல் இருந்தது அது. பிறகு வீரனைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்.

“இவன் இதுக்குள்ளே எப்படிப் போவான், கண்ணு?”

நான் விழித்தேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

வாசலில் ஒரு கோலம்

தாத்தா எழுந்து உள்ளே சென்று, பாட்டியின் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்து வந்தார். வாசலில் பாதத்தின்முன் பாதம் வைத்து அளந்தார். நீளம் ஏறத்தாழப் பத்தொன்பது அடி; அகலம் எட்டரை அடி. நான்கு மூலைகளையும் கோட்டால் இணைத்தார். “உயரம் ஒன்பது அடி. நம்ம வீட்டு நிலைப்படியைவிட உயரம்” என்றார்.

அவ்வளவு பெரிய கட்டத்திற்குள் ஊரே நிற்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தாத்தா பின்பகுதியில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அது எஞ்சினுக்கு உரிய இடம். பக்கங்களில் குண்டுகளை அடுக்கும் இடத்தைக் குறித்தார். நடுவில் பீரங்கியின் பின்புறம் நீண்டிருக்கும் இடத்தைக் குறித்தார். கட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த நால்வரை அழைத்து, என்னையும் சேர்த்து எஞ்சிய இடத்தில் நிற்கச் செய்தார்.

“முன்னால் இடப்பக்கம் வண்டி ஓட்டுபவன். வலப்பக்கம் அவனுக்குத் துணையாள். கோபுரத்துக்குள்ளே மூன்று பேர்: வண்டித் தலைவன், குறி பார்ப்பவன், குண்டு போடுபவன்.”

ஐவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். தாத்தா எங்கள் தலைகளை அண்ணாந்து பார்ப்பதுபோல் காட்டிவிட்டு, முன்னால் இரண்டு வட்டங்களும் நடுவில் ஒரு வட்டமும் வரைந்தார். மேல்வழியாக வெளியேறும் வாயில்கள் அவை. தொடக்ககால ஷெர்மன்களில் கோபுரத்திலிருந்த மூவருக்கும் மேலே ஒரே வாயில்தான் இருந்தது.

மற்ற சிறுவர்கள் ஓடிய பிறகு தாத்தா திண்ணையில் அமர்ந்தார். 1945-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பர்மாவின் மெய்க்திலா நகரைச் சுற்றிக் கடும்போர் நடந்தது. அதில் 17-ஆம் இந்தியப் படைப்பிரிவுடன் 255-ஆம் இந்திய டாங்கிப் படையணியின் ஷெர்மன்கள் போரிட்டன. ஜப்பானியரின் 47 மி.மீ. பீரங்கி, அருகிலிருந்து சுட்டால் ஷெர்மனின் பக்கவாட்டுக் கவசத்தைத் துளைக்க வல்லது. இவ்விவரங்களை நான் பின்னாளில் படித்தறிந்தேன். அன்று தாத்தா கூறியது இவ்வளவே.

“ஒரு வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். விலாவில் ஒரே ஒரு துளை.” ஈய வீரனைத் தம் உள்ளங்கையில் கிடத்தினார். “துளை இவன் நீளம்கூட இல்லை. அதைப் பற்றவைத்து அடைத்தோம். உள்ளே கழுவி, மறுபடியும் வெள்ளை வண்ணம் அடித்தோம். மறுநாள் வேறு ஐந்து பேர் அதில் ஏறிப் போனார்கள்.”

“முன்னே இருந்த ஐந்து பேர், தாத்தா?”

அவர் விடை கூறவில்லை. கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றுவிட்டார்.

பொம்மைக்குத் துணை எது?

பின்னாளில் நான் கணித ஆசிரியரானேன். பொம்மை வீரர்களையும் சிற்றுரு ஊர்திகளையும் சேர்க்கும் பழக்கம் என்னோடு வளர்ந்தது. சேர்க்கச் சேர்க்க, தாத்தாவின் கேள்வி வேறு வடிவில் மீண்டும் எழுந்தது. உலகிலுள்ள மனிதர்களின் உயரம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்போது, பொம்மை மனிதர்கள் மட்டும் ஏன் இத்தனை உயரங்களில் இருக்கிறார்கள்?

விடையைத் தேடியபோது ஓர் உண்மை புலப்பட்டது. எந்தப் பொம்மையும் தனக்கென ஓர் அளவைத் தேர்ந்துகொள்ளவில்லை. எதன் பக்கத்தில் நிற்க வேண்டுமோ, எதற்கு இடம் கொடுக்க வேண்டுமோ, அதுவே பொம்மையின் அளவை முடிவு செய்தது.

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தார் வெள்ளீயத்தில் தட்டையான வீரர்களை வார்த்தனர். பட்டறைக்குப் பட்டறை அளவு வேறுபட்டது. 1848-ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்ஸன் என்னும் வார்ப்பாளர் ஏறத்தாழ 30 மி.மீ. உயரத்தை நெறியாக்கினார். பிறரும் அதனைப் பின்பற்றியபோது, வெவ்வேறு பட்டறைகளில் வார்த்த வீரர்கள் ஒரே படையாக அணிவகுக்க முடிந்தது.

1893-ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கண்டறிந்தார். உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றியதும், அச்சின் சுவரைத் தொட்ட ஈயம் முதலில் உறையும். நடுவில் உறையாதிருக்கும் ஈயத்தை வெளியே கவிழ்த்துவிட்டால், கூடு மட்டும் எஞ்சும். ஈயமும் குறைந்தது, விலையும் குறைந்தது. அவ்வீரர்களின் உயரம் 54 மி.மீ. அக்காலத்து ‘முதலாம் எண்’ பொம்மைத் தொடர்வண்டிகளுக்குப் பொருந்தும் உயரம் அது. 54-ஐ 32-ஆல் பெருக்கினால் 1,728 மி.மீ., அதாவது ஐந்தடி எட்டு அங்குலம். 1:32 என்னும் விகிதத்தில் அவன் முழுமையான மனிதன். என் மாமா வாங்கி வந்தவனும் அந்த உயரத்தவனே.

அறிவியல் புதினங்களால் புகழ்பெற்ற எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் இத்தகைய வீரர்களைத் தரையில் பரப்பி, வில்விசையால் சுடும் பொம்மைப் பீரங்கியோடு விளையாடுவதற்கு விதிகள் வகுத்தார். ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் அந்த நூல் 1913-இல் வெளிவந்தது. உண்மைப் போர் எவ்வகை அளவுக்கும் அடங்காதது என்ற எண்ணத்தையே அந்நூலின் முடிவில் அவர் வலியுறுத்தினார். மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது.

அடுத்துச் சிறிய வீரர்களைப் பார்ப்போம். ஐரோப்பாவில் பரவியிருந்த சிறிய பொம்மைத் தொடர்வண்டிகளில் ஓரடி 3.5 மி.மீ. ஆகச் சுருக்கப்பட்டது, விகிதம் 1:87. பிரிட்டனின் உண்மையான தொடர்வண்டி எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிடச் சிறியவை. ஆகவே அதே விகிதத்தில் செய்த பிரிட்டன் பொம்மை எஞ்சினுக்குள் அக்கால மோட்டார் அடங்கவில்லை. மோட்டாருக்கு இடம் தருவதற்காக ஓரடியை 4 மி.மீ. ஆக்கினர். 1:76 என்னும் விகிதம் அவ்வாறு பிறந்தது. தண்டவாளத்தின் அகலத்தை மட்டும் மாற்றாமல் விட்டனர். 1959-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் சின்னஞ்சிறு நெகிழி வீரர்களை வெளியிட்டபோதும், அதன்பின் டாங்கிகளை வெளியிட்டபோதும், அத்தொடர்வண்டிகளின் அளவையே பின்பற்றியது. அதே நிறுவனத்தின் சிறு விமானங்களோ 1:72 விகிதத்தில் இருந்தன. ஆறடியை ஓர் அங்குலமாகச் சுருக்கும் அளவு அது; அளவுகோலின் வசதியால் பிறந்தது.

1:72 விகிதத்திற்கு உங்களைப் போன்ற மாணவர்களோடு ஒரு தொடர்பு உண்டு. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் ஐந்து இலட்சம் விமானச் சிற்றுருக்களைச் செய்து தருமாறு கேட்டது. நம் விமானம் எது, பகை விமானம் எது என்று நொடியில் இனங்காணப் படையினருக்குப் பயிற்சி தருவதற்காக அவை தேவைப்பட்டன. 35 அடி தொலைவில் தொங்கவிட்ட சிற்றுரு, 2,520 அடி தொலைவில் பறக்கும் உண்மை விமானத்தின் அளவில் கண்ணுக்குத் தெரியும். விகிதம் தவறினால் தொலைவு தவறும். தொலைவு தவறினால் உயிர் போகும். மாணவன் ஒருவனின் அரத்திலும் உப்புத்தாளிலும் ஒரு விமானியின் உயிர் அடங்கியிருந்தது.

மற்றொரு புகழ்பெற்ற விகிதம் ஜப்பானில் பிறந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஷிசுவோகா நகரின் டமியா நிறுவனம், ‘பாந்தர்’ என்னும் ஜெர்மானிய டாங்கியைத் தானே ஓடும் பொம்மையாக வடிவமைத்தது. உள்ளே ஒரு மோட்டாரும் இரண்டு மின்கலங்களும் அடங்க வேண்டும். அவை அடங்கும் அளவுக்கு உடலை அமைத்துப் பார்த்தபோது விகிதம் 1:35 ஆக அமைந்தது. பின்னர் வந்த டாங்கிகளும் வீரர்களும் அதனையே பின்பற்றினர். இன்று உலகெங்கும் சிற்றுருக் கலைஞர்கள் மதிக்கும் ஓர் அளவை, இரண்டு மின்கலங்கள் முடிவு செய்தன என்பது வியப்பன்றோ!

சிறு பிழையும் பெரும் பிழையும்

ஐந்தடி எட்டு அங்குல மனிதன் ஒருவனை இவ்விகிதங்களில் நிறுத்திப் பார்ப்போம். 1:30-இல் அவன் உயரம் 58 மி.மீ.; 1:32-இல் 54; 1:35-இல் 49; 1:72-இல் 24; 1:76-இல் 23; 1:87-இல் 20. வீரர்களின் உயரத்தை மட்டும் மில்லிமீட்டரில் கூறி விற்கும் வழக்கமும் உண்டு. அதிலும் ஒரு சிக்கல். தொப்பி உச்சந்தலையை மறைப்பதால், சிலர் பாதத்திலிருந்து கண் வரை அளப்பர். சிலர் உச்சி வரை அளப்பர். 28 மி.மீ. என்று பெயர் பெற்ற இரு வீரர்கள் அருகருகே நிற்கும்போது, ஒருவன் மற்றவனுக்குத் தம்பிபோல் தோன்றுவதுண்டு.

ஒருமுறை 1:35 விகித ஊர்தி ஒன்றின் பக்கத்தில் 1:30 விகித வீரன் ஒருவனை நிறுத்தினேன். வேறுபாடு சிறிதுதானே என்று எண்ணினேன். பல நாள்கள் அவ்விருவரையும் பார்த்து மகிழ்ந்தேன். ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் 58-ஐ 35-ஆல் பெருக்கினேன். 2,030 மி.மீ. வந்தது. இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடைய ஒருவனைச் சராசரி வீரன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பெரிய பிழை சிரிக்க வைக்கும். சிறிய பிழை நம்ப வைக்கும்.

நீளத்தில் சிறிதாகத் தெரியும் வேறுபாடு பருமனில் பெரிதாகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரே டாங்கியை 1:35-இலும் 1:32-இலும் செய்தால், இரண்டாவதன் நீளம் ஏறத்தாழ 9 விழுக்காடு மிகும். பருமனோ 31 விழுக்காடு மிகும். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் சேர்ந்து வளர்வதே காரணம்.

இப்போது என் திண்ணைக்குத் திரும்புவோம். மாமா தந்த டாங்கியின் நீளம் 77 மி.மீ. உண்மையான ஷெர்மனின் நீளம் 5.84 மீட்டர். வகுத்துப் பார்த்தால் 1:76. அதன் பக்கத்தில் நின்ற 54 மி.மீ. வீரனை 76-ஆல் பெருக்கினால் 4.1 மீட்டர், பதின்மூன்றரை அடி. ஒன்பது அடி உயர டாங்கிக்குக் காவலாகப் பதின்மூன்றரை அடி அரக்கனை நிறுத்தியிருந்தேன். அவனால் டாங்கிக்குள் நுழைய முடியாது. நுழையத் தேவையும் இல்லை. காலால் உதைத்தே கவிழ்த்திருப்பான். அப்படிப்பட்டவன் போரில் சாகமாட்டான். நான் மகிழ்ந்ததன் காரணம் அதுவே.

பெருக்கக் கற்றல்

தாத்தா மறைந்து பல ஆண்டுகள் கழித்து, ஒருநாள் இரவு அந்த டாங்கியை எடுத்து மேசைமேல் வைத்துக் கணக்குப் போட்டேன். ஷெர்மனின் பக்கவாட்டுக் கவசத்தின் தடிமன் 38 மி.மீ. அதனை 76-ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டர். ஏறத்தாழ 30 டன் எடையை 76-இன் முப்படியால் வகுத்தால் 70 கிராமுக்கும் சற்றுக் குறைவு. இரும்பிலேயே செய்திருந்தாலும் ஒரு முட்டையைவிடச் சற்றே கூடுதலான எடைதான். கடைசியாக 47 மி.மீ. துளை. அதனை 76-ஆல் வகுத்தேன். 0.6 மி.மீ.

பாட்டியின் தையற்பெட்டியிலிருந்த ஊசியொன்றின் முனை போதும், அந்தத் துளையைப் பொம்மையில் காட்டுவதற்கு. ஐந்து உயிர்கள் சென்ற வழி, என் மேசைமேல் ஊசி குத்திய புள்ளியாகிவிட்டது. கண்ணாடி அணிந்தால்தான் அது தெரியும். தாத்தா ஏன் அந்தத் துளையை டாங்கியில் காட்டாமல் வீரனைக் கிடத்திக் காட்டினார் என்பது அன்றுதான் விளங்கியது. துளையை அதன் உண்மை அளவில் காட்டுவதற்கு அவர் கையில் இருந்த பொருள் அது ஒன்றே.

சுருக்குவது தவறன்று. சுருக்காமல் உலகைக் கையில் எடுக்க இயலாது. நிலப்படமும் கட்டட வரைபடமும் நமக்குத் தேவை. ஆனால் சுருக்கும்போது முதலில் மறைவது மனிதன்தான். மலை சிறு மேடாகத் தெரியும்; நகரம் ஒரு புள்ளியாகத் தெரியும்; நகரத்தில் வாழ்பவன் தெரிவதில்லை. செய்தித்தாளில் வரும் உயிரிழப்பு எண்ணும் ஒருவகைச் சுருக்கமே. வகுத்த எண்ணை நினைவில் வைத்திருப்பவனால் மட்டுமே மீண்டும் பெருக்கிப் பார்க்க முடியும். சுருக்கக் கற்றவன் பெருக்கவும் கற்றிருக்க வேண்டும்.

அதன்பின் ஆண்டுதோறும் விகிதம் என்னும் பாடத்தை நான் வகுப்பறையில் முடிப்பதில்லை. மாணவர்களை விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்வேன். 77 மி.மீ. டாங்கியை அவர்கள் கையில் தந்து, அதனை 76 மடங்காகப் பெருக்கித் தரையில் வரையச் சொல்வேன். சுண்ணாம்புத் தூளால் கட்டம் வரைவார்கள். எஞ்சின், குண்டு அடுக்கு, பீரங்கி ஆகியவற்றின் இடங்களை நான் குறிப்பேன். எஞ்சிய இடத்தில் ஐவர் நிற்பார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று சிரிப்பார்கள். நானும் அவர்களைத் தடுப்பதில்லை. அவ்வயதில் நானும் சிரித்தவன்தான்.

ஓராண்டு, கட்டத்திற்குள் நின்ற மாணவி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“ஐயா, இதிலிருந்து வெளியே வர வழி எங்கே?”

நான் குனிந்து, முன்னால் இரண்டு வட்டங்களும் நடுவில் ஒரு வட்டமும் வரைந்தேன்.